நாடகம்தான் லேட்டு

1

போன வாரம் கரூரிலிருந்து ஒரு சொந்தக்கார அம்மா போன் செய்தார். மழை, உடம்பு, மகள் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்தபின் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங் சுமதி, ரெண்டு ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் ஆசப்படற மாதிரி ஒரு நாடகமாமா அந்த ஊர்ல. அந்தக் கருமத்துக்குத் துணி தச்சதே நீங்கதான்னு பேசிக்கறாங்க. நெசமாங்க?"

"நெசந்தானுங்க. நாப்பது சட்டைக்கு மேல இருக்கும். கோட்டு தனிங்க."

நான் இல்லை என்று மறுப்பேன், அவரும் 'அதானே பாத்தேன்' என்று சொல்லி போனை வைத்துவிடலாம் என்று இருந்திருப்பார்.

"அப்ப அதப் பாத்துப்போட்டுத்தான் உங்க தம்பி இப்படி ஆயிட்டாராட்டம் இருக்குது," என்று இழுத்தார்.

"அப்படி இல்லீங்க. நீங்களா ஒண்ண நெனச்சுக்க வேண்டாம். எழுதிப்போடறேன், படிச்சுக்கங்க."

அதனால்தான் எழுதுகிறேன். இந்த வைகாசியோடு என் தம்பி தங்கவேலின் கல்யாணம் நின்று ஒரு வருஷம் ஆகிறது. நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. நிறுத்தினோம். அதைப் பற்றி ஊரில் பத்துக் கதை உலவுகிறது. பதினோராவதாக நடந்ததும் இருக்கட்டும்.

எழுதுவதற்கு முன்னால் தம்பியிடம் கேட்டேன். "பேர மாத்திப் போட்டட்டுமாடா?"

"எதுக்குக்கா? நாங்க என்ன கொலையா பண்ணிப்போட்டோம்?" என்றான்.

ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அது ஒரு பெண்ணின் பெயர். அவளுக்கு நாங்கள் ஏற்கெனவே செய்தது போதும்.

2

நாங்கள் பாங்காக்குக்கு வந்து பதினெட்டு வருஷம். பாங்காக் என்று சொல்வது ஒரு வசதிக்குத்தான். நகரத்துக்குத் தெற்கே, ஆலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பகுதியில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஒரு துணி ஆலையில் சாய மாஸ்டர். நான் ஜேடர்பாளையத்துக்காரி. கல்யாணத்துக்கு முன் பரமத்தி வேலூரில் இரண்டு வருஷம் தையல் படித்தவள். மகள் இனியா இங்கேதான் பிறந்தாள்.

கணவரோடு வந்தவள் என்பதால் எனக்கு வேலை செய்யும் அனுமதி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய், இன்னும் இதே நாட்டில் இதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது மட்டுமே பல வருஷமாக நான் செய்த அரசாங்க வேலை. வரிசையில் நிற்கும்போது நினைத்துக்கொள்வேன்: எங்கே இருக்கிறாய் என்று இத்தனை அக்கறையாக ஊரில்கூட யாரும் என்னைக் கேட்டதில்லை.

எங்கள் தெருவில் நோய் என்று ஓர் அம்மா இருந்தார். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். தாய் மொழியில் அதற்குச் சின்னவள் என்று பொருள். தொலைக்காட்சி நாடகங்களுக்கு உடை பார்க்கிறவர். ஒருநாள் அவசரத்துக்கு ஒரு கோட்டின் கையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் மூன்று கோட்டோடு வந்து நின்றார். ஒரு மாதம் கழித்து, "எங்கள் கம்பெனிக்கே வந்துவிடு, அனுமதிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்" என்றார்.

அனுமதி எளிதில் வரவில்லை. "தையலா? அது எங்கள் ஆட்கள் பார்க்கிற வேலை ஆயிற்றே" என்று கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தடவை தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் தடவை 'துணி ஆலோசகர்' என்று எழுதியபிறகு முத்திரை விழுந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ரோசன சொல்றதுக்குன்னே அங்க ஆள் வெக்கறாங்களா சாமி? இங்க கேக்காமயே சொல்றாங்களே" என்றார்.

முதல் நாள் படப்பிடிப்பிலேயே என் மொழி என்னைக் காட்டிக்கொடுத்தது. தாய் மொழியில் ஒரே சொல்லைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒன்று, ஏற்றாமல் சொன்னால் வேறொன்று. கதாநாயகன் நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். பூஜை போட்டு ஊதுபத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "இந்தச் சட்டை உங்களுக்கு ரொம்ப அழகு" என்று சொல்ல நினைத்து, குரலை ஏற்ற மறந்தேன். "இந்தச் சட்டை உங்களுக்கு ரொம்பத் தரித்திரம்" என்று வந்துவிட்டது. நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நோய் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பையனே விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து நான் எந்தச் சட்டையை மாட்டினாலும், "அக்கா, இது எவ்வளவு தரித்திரம்?" என்று கேட்பது அவன் வழக்கமாகிவிட்டது.

நாடகத்தின் கதை இதுதான். கெங், பூன் என்று இரண்டு நடிகர்கள். ஒரு தொடரில் இருவரும் பகையாளிகளாகச் சேர்ந்து நடிக்கிறார்கள். முதலில் நிஜமாகவே ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஒரே அறையில் வசனம் மனப்பாடம் செய்து, ஒரே வண்டியில் வெளியூர் படப்பிடிப்புக்குப் போய், ஒருவன் காய்ச்சலில் கிடக்க மற்றவன் கஞ்சி வைத்துக்கொடுத்து, எப்போது என்று தெரியாமலே காதலாகிவிடுகிறது. கம்பெனிக்கு விஷயம் தெரிகிறது. பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட நாடகங்களை நடு வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். பாட்டிமார்கள் பார்க்கிறார்கள். ஆணும் ஆணும் செய்துகொள்ளும் கல்யாணத்தை இப்போது அரசாங்கமே பதிவு செய்கிறது. ஆனாலும் நான் ஜேடர்பாளையத்துக்காரிதானே. ஊரில் எல்லோரிடமும், "ஒரு குடும்ப நாடகத்துக்குத் துணி தைக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

3

பத்திரிகையாளர் சந்திப்புக் காட்சியை எடுத்த நாளை என்னால் மறக்க முடியாது. கெங் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "பூன் எனக்கு நண்பன் மட்டுமே" என்று சொல்லவேண்டும். சொல்லும்போது மூச்சு முட்டியதுபோல் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கவேண்டும். மேல் பொத்தான் தெறித்து மேசையில் விழவேண்டும். அதற்காக அந்தப் பொத்தானை ஒற்றை நூலில், இழுத்தால் அறுகிற மாதிரி தைக்கவேண்டும். ஒவ்வொரு தடவை எடுத்து முடித்ததும் நான் ஊசியோடு ஓடிப்போய் மறுபடி தைப்பேன். அவன் நாடியைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

ஒன்பது தடவை எடுத்தார்கள். ஏழாவது தடவை, என் விரல் அவன் தொண்டைக்குக் கீழே இருந்தபோது, அங்கே துடிப்பது கைக்குத் தெரிந்தது. நடிப்புதான். ஆனால் ஒரு பொய்யை ஒன்பது முறை சொன்னால் உடம்பு அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாது போலிருக்கிறது. ஒன்பதாவது முறை நான் மானிட்டரின் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இனியாவிடம் இதைச் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயது அப்போது. தமிழ் புரியும், பேச்சு பாதி தாய், கால் இங்கிலீஷ். ஊருக்கு வரச் சொன்னால் ஏதாவது பரீட்சையைக் காட்டித் தப்பிப்பாள். ஊரில் இருக்கிற என் அப்பா அம்மாவோடு பேசச் சொல்லி போனைக் கொடுத்தால், "சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுப்பாள். என்னிடமிருந்து விலகிக்கொண்டே போகிறாள் என்று நான் தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம்.

கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அம்மா, நீ அழுதே. ஆனா ஊர்ல 'ஃபேமிலி டிராமா'ன்னு சொன்னே. அந்தக் கம்பெனி மேனேஜர் மாதிரிதானே நீயும்?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு அந்த ஊரப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாது. நீ சொல்லவே மாட்டேங்கறியே. நல்ல கதை மட்டும் சொல்றே."

அவள் அறைக்குள் போய்விட்டாள். தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். ஊரைப் பற்றி அவளிடம் வாய்க்கால், மாம்பழம், மாரியம்மன் நோம்பி இவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். இங்கேயுள்ளதை அங்கே மறைக்கிறேன். அங்கேயுள்ளதை இங்கே மறைக்கிறேன். இரண்டு பக்கமும் பாதி ஆளாகத்தான் வாழ்ந்திருக்கிறேன்.

நாடகம் ஒளிபரப்பாகி யூடியூபிலும் வந்தபிறகு, யாராவது ஒருவருக்காவது உள்ளதைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். வைதாலும் வாய்விட்டு வையமாட்டான் என்று தங்கவேலுவைத் தேர்ந்தெடுத்தேன். "இதுல வர்ற துணியெல்லாம் அக்கா தச்சது. கத உனக்குப் புடிக்கலீன்னா துணிய மட்டும் பாரு" என்று எழுதி லிங்க்கை அனுப்பினேன்.

4

தங்கவேல் என்னைவிடப் பத்து வயது இளையவன். லாரி டிரைவர். நாமக்கல்லில் முட்டையோ மரவள்ளி மாவோ ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வடக்கே போய்த் திரும்ப இருபது நாள் ஆகும். அந்த மாதிரி தூரத்துக்கு ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவன் ஓட்ட, மற்றவன் பின்னால் படுத்துத் தூங்குவான். தங்கவேலுவோடு பதினோரு வருஷமாக ஓட்டுகிறவன் அன்பு. பனமரத்துப்பட்டிக்காரன், அரளிப்பூ விவசாயக் குடும்பம். லோடு இல்லாத நாட்களில் எங்கள் அப்பா வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்து, காட்டில் பயிருக்குத் தண்ணீர் கட்டி, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது சேலத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தவன். "எனக்கு ரெண்டு பசங்க" என்று அப்பாவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

லிங்க் அனுப்பி ஐந்தாறு நாள் கழித்து, இந்தூரிலிருந்து தங்கவேல் போன் செய்தான். லோடு இறக்க இரண்டு நாள் காத்துக் கிடக்கிறார்களாம்.

"அக்கா, உன்ற சட்டையெல்லாம் பாத்தேன்."

"எப்படிடா இருக்குது?"

"நல்லாருக்குது. பன்னெண்டு பாகமும் பாத்துப்போட்டோம். கீழ இங்கிலீசு எழுத்து ஓடறதுக்குள்ள போயிருது. அன்புதான் நிறுத்தி நிறுத்திப் படிச்சுச் சொன்னான்."

பின்னால் லாரி ஹாரன் சத்தம். நான், டவர் போய்விட்டதோ என்று, "தங்கவேலு?" என்றேன்.

"அக்கா, அந்த ரெண்டு பேரும் நெசத்துலயும் அப்படியா? இல்ல நடிப்பா?"

"நடிப்புதான்டா. அவங்கவங்களுக்கு வேற வேற ஆளு இருக்குது."

"அப்படியா." ஒரு மூச்சு விட்டான். "எங்களுது நடிப்பு இல்லீக்கா."

எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி இருக்கவும் முடியவில்லை. இதை நான் ஒளிக்காமல் எழுதவேண்டும்: நாடகத்துக்காக மானிட்டரின் பின்னால் நின்று அழுத நான், என் சொந்தத் தம்பி சொன்னபோது அழவில்லை. என் வாயிலிருந்து முதலில் வந்தது, "யாருக்காச்சும் தெரியுமா?" என்ற கேள்விதான்.

"உனக்குத் தெரியும்," என்றான். பிறகு, "வெச்சரட்டுமாக்கா?" என்றான்.

"வெக்காதடா. வெக்காத சாமி. அன்பு பக்கத்துல இருக்கானா? குடு."

அன்பு வாங்கி, "அக்கா" என்றான். "சாப்பிட்டீங்களாடா ரெண்டு பேரும்?" என்று கேட்டேன். "சாப்பிட்டமுங்க. ரொட்டி, பருப்பு" என்றான். இனியாவைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நானும் அதைத்தான் கேட்டேன்.

5

அடுத்த சித்திரையில் அப்பா போன் செய்தார். எருமப்பட்டியில் பெண் பார்த்தாகிவிட்டது, வைகாசியில் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்கிறோம், ஆவணியில் கல்யாணம், நீ உறுதிக்கே வந்துவிடு என்றார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு மத்தியானம் தங்கவேல் தலையை ஆட்டிவிட்டானாம்.

திருச்சியில் இறங்கினேன். தங்கவேல் காரோடு வந்திருந்தான். அன்பு வரவில்லை. "பொண்ணு பாத்த அன்னிக்கே அவன் பனமரத்துப்பட்டிக்குப் போயிட்டான்" என்றான் தம்பி. மோகனூர் தாண்டி வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு சொன்னான்:

"அக்கா, எனக்கு வாய் வர மாட்டேங்குது. நீயே அப்பாகிட்டச் சொல்லிப்போடு."

"நான் சொல்லமாட்டேன்டா. அது உன்ற வார்த்த. நான் எடுத்துப் பேசுனா திருட்டு மாதிரி. ஆனா நீ பேசறதுக்கு எடம் புடிச்சுத் தாரேன். பஸ்ஸுல துண்டு போட்டு வெக்கற மாதிரி. உக்காரறது உன்ற இஷ்டம்."

"உக்காராட்டி?"

"உக்காராட்டி நான் துண்ட எடுத்துட்டு பாங்காக்குக்குப் போயிருவேன். ஆனா அந்தப் புள்ளையோட வாழ்க்கை உன்ற தலையில."

உறுதிக்கு மூன்று நாள் இருக்கையில், காலைச் சாப்பாடு முடிந்து, யார் யாருக்கு என்ன சீர் என்று பேச எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணன் பொன்னுசாமி மாமா, பங்காளிகள் நாலு பேர். எங்கள் பக்கக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார, இருவரையும் துணியால் இணைத்துச் செய்கிற சீர். அது முடியாமல் தாலி ஏறாது.

"இணைச்சீருக்கு நம்ம சுமதி இருக்குது," என்றார் அப்பா.

"நான் உக்காரமாட்டனுங்கப்பா."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. அப்பா சிரித்தபடி, "ஏஞ்சாமி, என்ன கோவம்? பொடவ ஏதாச்சும் வேற கேக்கறியா?" என்றார்.

"பொடவ எனக்கு வேண்டாமுங்க. தம்பிகிட்ட ஒருக்கா கேளுங்க. இந்தக் கல்யாணத்துல உனக்கு இஷ்டமான்னு எல்லாரு முன்னாலயும் கேளுங்க. அவன் ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா நான் இப்பவே பாயில உக்காருறேன்."

"அவன்தான் தலைய ஆட்டிப்போட்டானே?"

"தலைய ஆட்டுனா பத்தாதுங்க. வாயத் தொறந்து சொல்லட்டும்."

அப்பா தங்கவேலுவைப் பார்த்தார். அவன் தூணோரம் நின்றிருந்தான். முப்பத்தாறு வயது, பத்துச் சக்கர வண்டியைக் காட்டு ரோட்டில் ஒற்றைக் கையில் திருப்புகிறவன், அப்பாவின் முன் விரலைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"சொல்றா," என்றார் அப்பா.

"இஷ்டமில்லீங்கப்பா."

"ஏன்?"

"எனக்கு ஆளு இருக்குதுங்க."

அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது, எனக்குத் தெரிந்தது. "அத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? எந்த ஊருப் புள்ள?"

"புள்ள இல்லீங்க." விரலைப் பிசைவதை நிறுத்திக் கையைக் கீழே விட்டான். "அன்புங்க."

ஒரு பங்காளி மட்டும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டே, "பதினோரு வருசமா அவனுக்குச் சோறு போட்டிருக்கறேன்," என்றார். வசவா, கணக்கா, ஆதரவா என்று எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

மாமா என் பக்கம் திரும்பினார். தங்கவேலின் போனில் அந்த நாடகம் ஓடியதை அவரும் ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. "எல்லாம் நீ அங்கிருந்து கொண்டாந்த சீக்கு. கண்ட நாடகத்த அனுப்பி நல்ல பையனக் கெடுத்துப்போட்டே."

"மாமா, அந்த நாடகம் வந்து ஒரு வருசம்கூட ஆகலீங்க. இவங்க ரெண்டு பேரும் பதினோரு வருசமா ஒண்ணா வண்டி ஓட்டறாங்க. நாடகம்தானுங்க லேட்டு."

என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

6

எருமப்பட்டிக்குப் போனில் சொன்னால் போதும் என்றார்கள். தங்கவேல், "நேர்ல போவோணும்" என்றான். நானும் போனேன். பெண்ணைக் கலைவாணி என்று சொல்கிறேன். கோழிப்பண்ணைகளுக்கான பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். அவளுடைய அப்பா எங்களை உட்காரச் சொல்லவில்லை, அது நியாயம்தான். அவள்தான் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கு வேற ஒருத்தர்கூட வாழ்க்க அமைஞ்சிருக்குதுங்க. அத மறைச்சு உங்களப் பாக்க வந்தது என்ற தப்புங்க," என்றான் தங்கவேல்.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "எங்கப்பா சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. நான் ஆபீசுல லீவு கேட்டாச்சு. உங்களுக்குத் தைரியம் வர்றதுக்கு எம்பேரு இத்தன தூரம் அலையோணுமாங்க?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எதுக்குங்க கேக்கறீங்க? உங்க தம்பிக்கு வாய் இருக்குதில்ல," என்றாள்.

தங்கவேல் கையைக் கூப்பினான். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் காட்டவில்லை, மறுத்ததாகவும் காட்டவில்லை. "கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்னு நெனச்சுப் பாத்தேன்னா எனக்கு ஒடம்பு பதறுது. போயிட்டு வாங்க," என்று உள்ளே போனாள். எங்கள் துணிச்சலைப் பற்றி நான் பெருமையாக நினைக்கும்போதெல்லாம் அந்த வாசலும் கூடவே நினைவுக்கு வருகிறது. வரவேண்டும்.

அங்கிருந்து நேராகப் பனமரத்துப்பட்டி. அன்பு அரளிக் காட்டில் பூப் பறித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றான். தங்கவேல், "சொல்லிப்போட்டேன்டா," என்றான். அன்பு கூடையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தங்கவேல் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பூப் பறிக்கப் போய்விட்டேன்.

7

பாங்காக் திரும்பி எல்லாவற்றையும் இனியாவிடம் சொன்னேன். இந்த முறை எதையும் விடவில்லை; கலைவாணி கேட்டதையும் சொன்னேன். அவள் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு கேட்டாள். அவள் கடைசியாக அப்படிப் படுத்து ஆறேழு வருஷம் இருக்கும். பிறகு எழுந்து தானாகவே தங்கவேலுவுக்குப் போன் போட்டாள். "மாமா, நீங்க ரெண்டு பேரும் இங்க வந்திருங்க. இங்க கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணலாம்," என்றாள்.

"அங்க எழுதிக்கிட்டா இங்க செல்லுமா கண்ணு?"

"செல்லாது," என்று நான் குறுக்கிட்டேன்.

"அப்பறம் எதுக்குக்கா? எங்களுக்குத் தெரிஞ்ச ரோடு இங்கதான். அன்புவுக்கு அம்மா அப்பா இங்கதான். போறதுக்கு வேற எடம் இருக்குதுன்னு போனமுன்னா, இது எங்க எடம் இல்லீன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

எனக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டில் இருக்கிற அக்கா தம்பியைக் கரையேற்றிவிடலாம் என்று உள்ளூர ஒரு கர்வம் வைத்திருந்தேன். கரை அவன் நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது இருவரும் பரமத்தி வேலூரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்து, மூன்றாவது ஆள் கொடுத்த வீடு. வண்டி அதே வண்டிதான். அப்பா தங்கவேலுவிடம், "வண்டி எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்கிறார். என்னிடம் அதுவும் இல்லை. அம்மா, சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய், அடுப்படியைக் குறை சொல்லிவிட்டு வருகிறார்.

இந்த மே மாதம் இனியா தானாகவே வருகிறேன் என்றாள். அப்பா வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றோம். அவர் வெளியே வரவில்லை. தம்பி வீட்டிலேயே பத்து நாள் தங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கவேல், அன்பு, இனியா, நான் நாலு பேரும் ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் போனோம். ஞாயிறு என்றால் அங்கே பாதி ஊர் இருக்கும். தெரிந்துதான் போனோம். மீன் கடையில் பெஞ்சு போட்டு, நாலு இலை வாங்கி, வறுத்த மீனை எல்லோருக்கும் நடுவில் வைத்து உட்கார்ந்தோம்.

அப்பாவோடு தேங்காய் வியாபாரம் பார்த்த பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டு நெருங்கி வந்தார். அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லையா, எட்டியதை என் வாயால் கேட்க வந்தாரா, எனக்குத் தெரியாது.

"ஏனுங், சுமதியா? எப்ப வந்தீங்க? புள்ள நல்லா வளந்துருச்சு." இனியாவைப் பார்த்தார், தங்கவேலுவைப் பார்த்தார். பிறகு பார்வை அன்புவின்மேல் நின்றது. "இந்தத் தம்பி யாருங்க?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அன்பு இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கவேல் என்னைப் பார்த்தான், தடுக்கவில்லை.

"எங்க ஊட்டு மாப்பளைங்க," என்றேன். "தங்கவேலு கட்டிக்கிட்டவரு."

பெரியவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்று ஒருவரைக் காட்டிவிட்டால், அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அறுபது வருஷமாகக் கேட்டுப் பழகிய வாய், அவர் யோசித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டது.

"மாப்பளைக்கு எந்த ஊருங்க?"

அன்பு தலையை நிமிர்த்தினான்.

"பனமரத்துப்பட்டிங்க," என்றான்.